கண்ணாடி படாத பூச்சு

கண்ணாடி லென்ஸ் செய்கிற அச்சுகளுக்குப் பூச்சு போடுவதற்கென்றே கட்டப்பட்ட அந்த மையத்துக்குள் கண்ணாடிக்கு அனுமதி கிடையாது என்பது அண்ணிக்கு வாசலில் வைத்துத்தான் தெரிந்தது.

"மூக்குக்கண்ணாடியைக் கழட்டிக் குடுத்துட்டு உள்ள போங்கம்மா," என்றார் காவலாளி. அவர் மேசை மேல் ஒரு மரத்தட்டு நிறைய மூக்குக்கண்ணாடிகள் குவிந்து கிடந்தன. எல்லாம் மையத்தில் வேலை பார்க்கிறவர்களுடையவை.

"இது இல்லாட்டி எதிர்ல நிக்கிற ஆளே எனக்குத் தெரியாதுங்க."

"உள்ள யாருக்கும்தான் தெரியாது. போகப் போகப் பழகிடும்."

இவ்வளவு பெரிய இடம், காரணம் இல்லாமலா செய்வார்கள் என்று நினைத்து அண்ணி கழற்றிக் கொடுத்தாள். பெரிய இடங்களைப் பற்றி அவளுக்கு அப்படி ஒரு மரியாதை இருந்தது. அதைக் கரைப்பதற்கு மையம் சில மாதங்கள் எடுத்துக்கொண்டது.

அண்ணி என்பது அவள் பெயர் அல்ல. பட்டறையில் கொழுந்தன் அப்படிக் கூப்பிடுவான். அவனைப் பார்த்துப் பட்டறையில் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். வீட்டுக்காரர் அச்சு கடைவார். ஒரு ஜோடி கடைந்து முடிப்பதற்குள் அவர் பேசும் வார்த்தைகளைச் சேர்த்தால் ஒரு வாக்கியம் தேறாது. அவருடைய தம்பியை வீட்டில் சின்னவன் என்பார்கள். அவன் அழுத்தும் எந்திரத்தைப் பார்த்துக்கொள்வான்; அண்ணன் பேசாததையும் சேர்த்து அவனே பேசுவான். மிச்சமெல்லாம் அண்ணி.

அவர்கள் செய்தது சட்டைப் பொத்தான் அளவு லென்ஸ். சுண்டைக்காய் அளவுக் கண்ணாடி உருண்டையை மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் நடுவில் வைத்து, இளகும்வரை சூடாக்கி, அழுத்தி, ஆறவிட்டு எடுக்க வேண்டும். சொல்லச் சுலபம். ஆனால் இளகின கண்ணாடி தொட்டதையெல்லாம் பிடித்துக்கொண்டு விடாது. அச்சின் முகத்தில் விலை உயர்ந்த உலோகத்தால் ஒரு மெல்லிய பூச்சு இருந்தால்தான் ஒட்டாமல் வரும். பூச்சு இல்லாத அச்சில் லென்ஸ் பாதியும் அச்சு பாதியுமாகப் பெயர்ந்து வரும்; வீட்டுக்காரர் அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

முன்பெல்லாம் பூச்சு போட ஆங்காங்கே சின்னச் சின்ன ஆட்கள் இருந்தார்கள். அச்சுப் பூச்சுப் பாதுகாப்பு மையம் திறந்த அன்று, இனி மையத்தைத் தவிர வேறு யாரும் பூச்சு போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. தரத்தைக் காப்பாற்றுவதற்காக என்றார்கள். அந்த ஆட்கள் கதவைச் சாத்திவிட்டு வேறு பிழைப்புக்குப் போனார்கள்.

இந்த லென்ஸுக்காகக் காத்திருந்தவர் ஒரு கண் டாக்டரம்மா. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் கண்ணுக்குள் பின்பக்கம் வரை பார்க்கும் கருவியில் அது உட்கார வேண்டும். அவரிடம் இருந்த கருவியின் லென்ஸ் கீறிப்போய், பனி மூட்டத்துக்குள் தேடுகிற மாதிரி தேடிக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் குடுங்கம்மா," என்று போனில் சொல்வார். "இந்தக் குழந்தைங்களுக்கு நேரத்துல பாத்தா பார்வையைக் காப்பாத்திடலாம். தள்ளிப்போச்சுன்னா பாத்துப் பிரயோஜனம் இல்ல."

வீட்டுக்காரரிடம் உருப்படியாக மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஜோடி அச்சு. அதைப் பஞ்சில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் அண்ணி மையத்துக்கு வந்திருந்தாள்.

கண்ணுக்கு எல்லாம் கலங்கலாகத் தெரிய, சுவரைத் தடவிக்கொண்டு போய், துணை இயக்குநரின் அறையைக் கண்டுபிடித்தாள். வழியில் நடந்துகொண்டிருந்த கனவான்களும் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடந்தார்கள். ஆனால் அவர்கள் தடவுவதில் ஒரு பதவிக் களை இருந்தது. ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் அடித்திருந்தது. தண்ணீர் தகரக் குவளையில் வந்தது.

துணை இயக்குநர் அவளுக்குப் பின்னால் இருந்த அலமாரியைப் பார்த்து வணக்கம் சொன்னார். பிறகு குரல் வந்த திசைக்குத் திரும்பினார்.

"பூச்சு போட்டுக் குடுத்துடலாம். அச்சை எதுக்குப் பயன்படுத்தப் போறீங்க?"

"லென்ஸ் செய்யத்தான் சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எதை வச்சு?"

"கண்ணாடியை வச்சு."

"ஏம்மா, இப்படிப் பச்சையாச் சொல்றீங்களே," என்று அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நான் தொடர்பு தவிர்ப்புப் பிரிவுக்குத் தலைவர். பூச்சுல கண்ணாடி பட்டா என்ன ஆகும் தெரியுமா? தேயும். கொஞ்சம் கொஞ்சமா உரியும். நாங்க தொடங்கின நாள்லேருந்து இன்னிக்கு வரைக்கும் எங்க பூச்சு ஒண்ணுகூட உரிஞ்சது கிடையாது. ஒண்ணே ஒண்ணு. காட்டுங்க பார்ப்போம்!"

அவளால் காட்ட முடியவில்லை. மையத்தில் பூச்சு போட்ட அச்சுகள் எல்லாம் அடுத்த கூடத்தில் வெல்வெட் துணி மேல் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் யாரோ ஒரு பட்டறைக்காரர் கொண்டுவந்து கொடுத்தது. எதுவும் திரும்பிப் போனதில்லை. துணியால் துடைத்தால் பூச்சுக்கு ஆகாது என்பதால், தூசியை ஊதுவதற்கு ஆள் வைத்திருந்தார்கள். அந்தப் பதவிக்கு ஊதுநர் என்று பெயர். ஊதுநருக்கு மேலே மூத்த ஊதுநர் ஒருவர் இருந்தார். அவர் ஊதுவதில்லை, மேற்பார்வை மட்டும்.

இதில் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பூச்சு நல்ல பூச்சு. காற்றை உறிஞ்சி எடுத்த பெரிய உலோகக் கலத்துக்குள் ஒரு பொறியாளர் அதைப் போட்டுக் கொடுத்தார். பகலெல்லாம் குனிந்த தலை நிமிராமல், யாரிடமும் எதுவும் கேட்காமல் செய்தார். அச்சுகள் வெளியே வந்தபோது, கண்ணாடி இல்லாத அண்ணியின் கண்ணுக்கே அந்த மினுமினுப்பு தெரிந்தது. ஆசையாகக் கையை நீட்டினாள்.

"தொடாதீங்க!" என்று நான்கு பேர் கத்தினார்கள்.

அந்த ஜோடி அந்த ஆண்டின் சிறந்த பூச்சாகத் தேர்வானது. வெல்வெட்டில் ஏறியது. அண்ணிக்கு அதன் புகைப்படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். சட்டத்தில் கண்ணாடி இல்லை.

புகைப்படத்தைச் சின்னவன் எந்திரத்தின் மேல் மாட்டிவிட்டுக் கேட்டான்: "இதுல உருண்டையை எங்க வைக்கணும் அண்ணி? மூலையிலயா, நடுவுலயா?"

"சும்மா இருடா தம்பி. நாளைக்குப் போய் இயக்குநரையே பார்க்கிறேன். மேல இருக்கிறவங்களுக்குச் சொன்னாப் புரியும்."

மேலே இருந்தவருக்கு எல்லாம் புரிந்திருந்தது. அதுதான் சிக்கல். இயக்குநர் அவளை உட்கார வைத்து, தகரக் குவளையில் டீ வரவழைத்து, பொறுமையாக விளக்கினார்.

"வெளிநாட்டு மையங்களைப் பாருங்க. போட்ட பூச்சு கொஞ்ச நாள்ல போயிடுது. மறுபடி போடுறாங்க. மறுபடி போயிடுது. வெட்கமே இல்லாம அதைப் புள்ளிவிவரமா வேற வெளியிடுறாங்க! ஏன் அப்படி ஆகுதுன்னு நாங்க ஆழமா ஆராய்ஞ்சோம். கடைசியில காரணம் கிடைச்சுது. பயன்படுத்துறாங்கம்மா. அதான்."

"சார், குழந்தைங்க கண்ணு..."

"என் கண்ணுல தண்ணி வருது நீங்க சொல்லும்போது. ஆனா ஒரு குழந்தைக்காகப் பூச்சை விட்டுக்குடுத்தா, நாளைக்கு இன்னொரு குழந்தை வரும். அதுக்கு முடிவே கிடையாது. நான் இங்க உட்கார்ந்திருக்கிறது குழந்தைங்களுக்காக இல்ல. பூச்சுக்காக."

அவர் கெட்டவர் இல்லை. வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். நீண்ட யோசனைக்குப் பிறகு ஒரு சலுகை அளித்தார். கண்ணாடி இல்லாமல், கண்ணாடியைப் போலவே நடந்துகொள்ளும், ஆனால் நல்ல குணமுள்ள ஒரு பொருளை வைத்து அந்த அச்சில் ஒருமுறை லென்ஸ் அழுத்திக் காட்டலாம். எந்தப் பொருள் என்று முடிவு செய்ய ஒரு குழு கூடியது. மெழுகு என்று ஒரு கட்சி, வெண்ணெய் என்று ஒரு கட்சி. வாக்குவாதம் முற்றி, குளியல் சோப்பில் சமாதானமானார்கள். சோப்பு வழுக்கும், உறுத்தாது, தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று குழு காரணம் எழுதியது.

சோப்பு லென்ஸ் அருமையாக வந்தது. அச்சில் ஒட்டவே இல்லை. மையமே கைதட்டியது. துணை இயக்குநர் அதை ஒரு சின்னப் பெட்டியில் வைத்து, "டாக்டரம்மாகிட்ட கொண்டுபோய்க் குடுங்க. மையத்தோட முதல் லென்ஸ்," என்றார்.

கொடுக்காமல் விட்டால் மரியாதையாக இருக்காதே என்று அண்ணி கொண்டுபோனாள். இத்தனை நாள் கழித்தும் அவளுக்கு அந்தப் புத்தி போகவில்லை.

டாக்டரம்மா பெட்டியை ஆவலோடு திறந்தார். உள்ளே இளம் பச்சை நிறத்தில், வளைவெல்லாம் சரியாக, வாசனையாக இருந்தது. அவர் அதைக் கையில் எடுத்தார். திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. எழுந்து போய்க் குழாயைத் திறந்து, அந்த லென்ஸைத் தேய்த்து முழங்கை வரை கை கழுவினார். கழுவி முடிக்கும்போது அது கரைந்து போயிருந்தது.

"அடுத்த குழந்தையைக் கொண்டு வாங்க," என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். கீறல் விழுந்த கருவி அவர் கையில் இருந்தது.

அண்ணி நேராக வீடு திரும்பினாள். பட்டறைக்குள் வந்து, புகைப்படத்தை எந்திரத்தின் மேலிருந்து கழற்றினாள்.

"தம்பி, நம்ம கண்ணாடி உருண்டை ஒண்ணு வாய்க்குள்ள அடங்குமா?"

சின்னவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "எங்க அண்ணியா பேசுறது?"

வீட்டுக்காரர் கடைசல் எந்திரத்தை நிறுத்தினார். "அடங்கும்," என்றார். அந்த வாரம் அவர் பேசியது அது ஒன்றுதான்.

வாய்ப்பு தானாக வந்தது. சோப்பு லென்ஸின் வெற்றியைக் கொண்டாட மையம் விழா எடுத்தது. தலைமைச் செயலகத்திலிருந்து ஓர் உயர் அதிகாரி விருந்தினராக வருகிறார். அவர் முன்னிலையில் பயனாளிகளே தங்கள் கையால் சோப்பை அழுத்திக் காட்ட வேண்டும் என்று அண்ணிக்கும் சின்னவனுக்கும் அழைப்பு வந்தது.

வாசலில் காவலாளி தட்டை நீட்டினார். அண்ணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"வாய்ல என்னம்மா?"

அண்ணியால் பேச முடியவில்லை. "கடைவாய்ப் பல்லுங்க," என்றான் சின்னவன். "கன்னம் எப்படி வீங்கியிருக்கு பாருங்க. பேசினா உயிர் போயிடுது அவங்களுக்கு."

"கிராம்பு வச்சுக்கச் சொல்லுங்க," என்று காவலாளி அனுதாபத்தோடு வழிவிட்டார்.

மேடைக்கு ஓரத்தில் அழுத்தும் எந்திரம் நின்றது. மையம் தொடங்கியபோது வாங்கியது. அதன் சூடாக்கும் பொத்தானின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை யாரும் இதுவரை பிரித்ததில்லை. அச்சுகள் வெல்வெட்டிலிருந்து ஊதுநர்கள் புடைசூழ வந்து எந்திரத்தில் அமர்ந்தன. துணை இயக்குநர் ஒரு சோப்புத் துண்டைச் சின்னவன் கையில் கொடுத்தார். அது நேராக அவன் சட்டைப்பைக்குள் போனது. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்தி இருமினாள். சின்னவன் உருண்டையை வாங்கி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, அச்சில் வைத்து, பொத்தானின் காகிதத்தைக் கிழித்தான். முதல் வரிசையில் இருந்தவர்கள் எந்திரத்தைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது ஒரு சாம்பல் நிறப் பிம்பமும் அதன் பக்கத்தில் இரண்டு பிம்பங்களும்தான்.

கண்ணாடி இளக நேரம் வேண்டும். அந்த நேரத்தை இயக்குநர் அளித்தார். அவர் பேசத் தொடங்கினார்.

"ஒரு பூச்சின் பெருமை எதில் இருக்கிறது? அது எதைத் தாங்கியது என்பதில் அல்ல. தாங்க வேண்டிய அவசியமே வராமல் நாம் அதை எப்படிப் பார்த்துக்கொண்டோம் என்பதில் இருக்கிறது. நண்பர்களே, நான் பதவிக்கு வந்தபோது இந்த மையத்துக்குப் பகைவர்கள் இரண்டு. ஒன்று, கண்ணாடி. இன்னொன்று, அதைத் தூக்கிக்கொண்டு வருகிற வாடிக்கையாளர்கள்..."

எந்திரம் மெல்ல முனகியது.

"என்னப்பா சத்தம்?" என்று துணை இயக்குநர் சின்னவன் காதோரம் கேட்டார்.

"சோப்பு உருகுது சார்."

இயக்குநர் பேசிக்கொண்டே போனார். முதல் வரிசையில் இருந்தவர்கள் அழைப்பிதழால் விசிறிக்கொண்டார்கள். அனல் தன் முகத்திலும் அடிப்பதை அவர் உணர்ந்தார். பேச்சின் வேகம் என்று நினைத்துக்கொண்டு குரலை உயர்த்தினார். தன்னுடைய இளமைக்காலத்துக்குப் போனார். அங்கிருந்து மையத்தின் அடிக்கல்லுக்கு வந்தார். சின்னவன் அழுத்தினான். இயக்குநர் எதிர்காலத் திட்டங்களுக்குள் நுழைந்தார். சின்னவன் ஆறவிட்டான். பேசுவதற்கு இன்னும் இருந்தது என்றாலும், லென்ஸ் தயாராகிவிட்டதாகச் சின்னவன் கையைத் தூக்கிக் காட்டியதால் அவர் மனமில்லாமல் முடித்தார்.

அண்ணி எந்திரத்தின் பக்கம் குனிந்தாள். ஒட்டியிருந்தால் எல்லாம் போயிற்று. வீட்டுக்காரரின் கடைசி ஜோடி. சின்னவன் மேல் அச்சைத் தூக்கினான். லென்ஸ் அங்கே தனியாக, சுத்தமாக, எதையும் பிடித்துக்கொள்ளாமல் கிடந்தது.

உயர் அதிகாரி அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "அடடா! இவ்வளவு தெளிவான சோப்பை நான் பார்த்ததே இல்லையே!" விளையாட்டாகக் கண்ணருகே வைத்து அழைப்பிதழைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "எழுத்தெல்லாம் தெரியுது!" பிறகு மலர்ச்சி குறைந்தது. "என் பேரைத் தப்பா அடிச்சிருக்கீங்க."

துணை இயக்குநர் ஓடிவந்து லென்ஸை மோந்து பார்த்தார். நகத்தால் தட்டினார். டிங் என்றது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஐயா... கண்ணாடி!"

கூடத்தில் எழுந்த கூச்சலைச் சொல்லி முடியாது. மூத்த ஊதுநர் பணிக்காலத்தில் முதல் தடவையாக அச்சின் மேல் ஊதினார். பொறியாளர் மட்டும் பெரிதாக்கிக் காட்டும் பிளாஸ்டிக் வில்லை ஒன்றை எடுத்து அச்சின் மேல் குனிந்து நிதானமாகப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"ஐயா, பூச்சுக்கு ஒண்ணுமே ஆகல. ஒரு கீறல் இல்ல. பிரமாதமா வேலை செஞ்சிருக்கு."

"வாயை மூடுய்யா," என்றார் இயக்குநர். "கண்ணாடி பட்டுச்சா, படலையா?"

"பட்டுச்சு."

"அப்போ போச்சு. எல்லாம் போச்சு."

அங்கேயே முடிவெடுத்தார்கள். கண்ணாடி பட்ட அச்சை மற்ற அச்சுகளோடு வைக்கக் கூடாது; அவற்றுக்கும் கெட்ட பழக்கம் வந்துவிடும். அந்த ஜோடியை இடுக்கியால் எடுத்துக் குப்பைப் பையில் போட்டார்கள். கூடவே லென்ஸையும். வளாகத்தைவிட்டு அதை உடனே வெளியேற்ற வேண்டும். ஆனால் தொடுவதற்கு ஊழியர் யாரும் முன்வரவில்லை.

"பாழாக்கினவங்களே தூக்கிட்டுப் போகட்டும்!" என்று இயக்குநர் இரைந்தார். "இந்தப் பாவத்தைச் சுமந்துக்கிட்டுத் திரிங்க. அதுதான் உங்களுக்குத் தண்டனை!"

"ரொம்பக் கடுமையான தண்டனை சார்," என்று சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணி பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். முகத்தைப் பையில் புதைத்துக்கொண்டாள்; அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. பக்கத்திலிருந்த பெண்மணி எழுந்து வேறு இருக்கைக்குப் போனார்.

டாக்டரம்மா இந்தத் தடவை பெட்டியைத் திறந்ததும் முதலில் மோந்து பார்த்தார். பிறகு கருவியில் பொருத்தி, துணியில் சுற்றிய ஒரு கைப்பிடி அளவுக் குழந்தையின் கண்ணுக்குள் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"தெரியுது," என்றார். "நோய் ஓரத்துல ஆரம்பிச்சிருக்கு. இன்னிக்கே வைத்தியம் பண்ணிட்டா காப்பாத்திடலாம்." வாசலில் நின்ற அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, அண்ணியின் தோளை ஒருமுறை அழுத்தினார். அவ்வளவுதான், அவருக்கு நேரம் இல்லை.

அதே அச்சில் அண்ணியும் சின்னவனும் மேலும் மேலும் அழுத்தினார்கள். பூச்சு தாங்கியது. செய்தி மற்றப் பட்டறைகளுக்குப் போனது. வெல்வெட்டில் அச்சைப் பறிகொடுத்திருந்த ஒருவர் போன் பண்ணினார். "எப்படிங்க வெளிய கொண்டாந்தீங்க?"

"ஒரு துண்டு கண்ணாடியால அதைத் தொட்டுடுங்க," என்றாள் அண்ணி. "அப்புறம் அவங்களே தூக்கி எறிஞ்சுடுவாங்க."

தங்கள் அச்சைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்று பட்டறைக்காரர்கள் மையத்துக்கு வரத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் பல்வலி. ஒவ்வொருவராகக் குப்பைப் பையோடு வெளியே போனார்கள். வெல்வெட்டில் குழிகள் மட்டும் மிஞ்சின. ஊதுநர்கள் பழக்கம் விடாமல் குழிகளை ஊதினார்கள்.

ஆண்டுக்கூட்டத்தில் இயக்குநர் மேடையேறினார். குற்றம் செய்தவர்களும் கேட்டுத் திருந்தட்டும் என்று அண்ணியையும் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

"சொல்ல நா கூசுகிறது," என்று இயக்குநர் ஆரம்பித்தார். "இத்தனை ஆண்டு நாம் கட்டிக் காத்ததை ஒரே ஆண்டில் நாசமாக்கிவிட்டார்கள். நாடு முழுக்க, இந்த நிமிடத்தில், ஏதேதோ சந்துகளில், ஏதேதோ கொட்டகைகளில், மக்கள் நம்முடைய பூச்சைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்!"

கூட்டத்தில் விம்மல் கேட்டது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: இனி மையம் எந்த அச்சுக்கும் பூச்சு போடாது. பூசாத பூச்சைக் கண்ணாடியால் தொட முடியாது. யாராலும் வெளியே கடத்தவும் முடியாது. பூச்சுக் கலத்தை அணைத்துச் சீல் வைத்தார்கள். பொறியாளரை ஊதுநராக மாற்றினார்கள். வேறு யாரும் பூச்சு போடக் கூடாது என்ற உத்தரவு மட்டும் அப்படியே இருந்தது. இவ்வளவு துணிச்சலான முடிவுக்காக இயக்குநருக்குப் பதவி நீட்டிப்பு கிடைத்தது.

அண்ணி மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் எதிரே வந்தாள். பை கனத்த தினுசைப் பார்த்ததுமே அதற்குள் என்ன இருக்கிறது என்று அண்ணிக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, அச்சுக்குப் பூச்சு போடுற இடம் இதானே? உள்ள ஆளு இருக்காங்களா?"

"நிறைய இருக்காங்க."

"அப்போ இன்னிக்கே குடுத்துடலாமா?"

"இனிமே போட மாட்டாங்கம்மா. பாதுகாக்குறாங்க."

அந்தப் பெண் கட்டடத்தை மேலிருந்து கீழே வரை பார்த்தாள். "பூச்சே போடலன்னா, எதைக்கா பாதுகாக்குறாங்க?"

உள்ளே கைதட்டல் கேட்டது. அண்ணி பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டாள், கனமாகத்தான் இருந்தது. "வா, மழையில நிக்காத," என்றாள். "பூச்சு போட்டுக்கிட்டிருந்த பழைய ஆளுங்க எங்க போனாங்கன்னு முதல்ல தேடுவோம்."